இரண்டு படகு ஆட்டம்

குமரேசனுக்குப் பக்கவாதம் வந்தது ஆடி மாதத்தில், அவர் கடையில் சிமென்ட் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில். லாரிக்காரரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லாமலே நின்றார். பிறகு மெதுவாக வலது பக்கம் சரிந்து, அடுக்கிய மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அஸ்தினாபுரம் வீட்டுக்குத் திரும்பியபோது வலது காலை இழுத்து இழுத்து நடக்க முடிந்தது. வலது கை மடியில் கிடந்தது. பேச்சு மட்டும் திரும்பவேயில்லை.

"மூளையில பேச்சு இருக்கற இடத்துலதான் ரத்தம் போகாம இருந்திருக்கு. நீங்க பேசறது அவருக்கு முக்கால்வாசி புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது," என்றாள் மஹாலட்சுமி. குரோம்பேட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண். வாரத்துக்கு இரண்டு முறை குமரேசனை அவளிடம் ஆட்டோவில் கூட்டிப்போவது மனைவி சுபத்ராவின் வேலையாயிற்று.

வீட்டில் மீதி நேரமெல்லாம் சுபத்ரா தானே பயிற்சி கொடுத்தாள். அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சுபா. சொல்லுங்க, சுபா," என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிட்டார். குமரேசன் அவள் உதடுகளையே பார்ப்பார். அவர் உதடுகளும் குவியும். காற்றுதான் வரும். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பல்லாவரம் பக்கம் தாழ இறங்கும் விமானம் ஒன்று சத்தத்தோடு போகும். அது போய் முடியும்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

புரட்டாசி தொடக்கத்தில் மஹாலட்சுமி ஒரு கேள்வி கேட்டாள். "சாருக்குச் சின்ன வயசுல எதுல ரொம்ப ஆசை? பாட்டு, கிரிக்கெட், ஏதாவது? பழசுல ஊறிப்போன விஷயத்துல சில நேரம் வார்த்தை தானா வெளிய வரும்."

சுபத்ராவுக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு வஞ்சிரம் வறுவல் பிடிக்கும், கடைக்கணக்கை அன்றன்றே முடித்துவிட வேண்டும், யாராவது செருப்போடு கூடத்துக்குள் வந்தால் கோபம் வரும். இதெல்லாம் தெரியும். ஆனால் அவர் சிறுவனாக இருந்தபோது எதற்கு ஏங்கினார் என்று அவள் கேட்டதே இல்லை. மாமியார் செல்லியம்மாள் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இனி அது தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரோடு இந்த வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அது குமரேசனின் தம்பி தினகரன். அப்பா விட்டுப்போன ஏரிக்கரை நிலம் மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டபோது எல்லாவற்றையும் முன்னின்று முடித்தவர் குமரேசன்தான். தன்னை ஏமாற்றிவிட்டதாகத் தினகரன் நினைத்தார். சண்டை போடவில்லை. பம்மலில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடும்பத்தோடு போய்விட்டார். அங்கே பைக் சீட்டுகளுக்கு உறை தைக்கும் சின்னக் கடை வைத்தார். அந்தப் பிரிவுகூட நாளாக ஆக ஆறியிருக்கலாம். ஆனால் செல்லியம்மாள் இறந்த அன்று தினகரன் தோல் வாங்க ஆம்பூர் போயிருந்தார். செய்தி போய், அவர் பஸ் பிடித்து, வழியில் ஒரு விபத்தில் சாலை அடைபட்டு, வந்து சேர்வதற்குள் குமரேசன் அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டார். தினகரன் நேராகச் சுடுகாட்டுக்கு வந்தபோது நெருப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை.

சுபத்ரா ஒரு மத்தியானம் அவருக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"தம்பி, நான் சுபத்ரா பேசறேன்."

மிஷின் நின்றது. "சொல்லுங்க அண்ணி. கேள்விப்பட்டேன்."

கேள்விப்பட்டும் வரவில்லையே என்று அவள் கேட்கவில்லை. "ஒண்ணு தெரிஞ்சிக்கணும். அவருக்குச் சின்ன வயசுல எது ரொம்பப் புடிக்கும்? பேச்சுக்குப் பயிற்சி குடுக்கற பொண்ணு கேக்கறாங்க."

"வீடியோ கேம்," என்றார் தினகரன்.

"என்னது?"

"தாம்பரம் ஸ்டேஷனாண்ட ஒரு கடை இருந்துச்சி. காசு போட்டு ஆடுற மிஷினு. டியூஷனுக்குப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் ட்ரெயின் ஏறிப் போவோம். அதுல படகு ஆட்டம்னு ஒண்ணு இருந்துச்சி. ஆத்துல எதுத்துகினு போகணும், வர்றதையெல்லாம் சுடணும். ரெண்டு பேர் ஆடுனா ரெண்டு படகு. அண்ணன அதுல அடிச்சிக்க அந்தக் கடையில ஆளே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிமென்ட் கடையில் யாரிடமும் சிரிக்காத அந்த மனிதர் டியூஷனை ஏமாற்றிவிட்டு ரயிலேறியவர் என்பதைச் சுபத்ரா அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தினகரன் கையில் ஒரு கட்டைப்பை இருந்தது. தலைமுடி பாதி நரைத்திருந்தது. "பல்லாவரம் சந்தையில பாத்தேன்," என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. பைக்குள் டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் பெட்டி ஒன்று, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு டிஸ்க். வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டுச் சந்தை முழுக்கத் தேடி வாங்கியிருந்தார். "அந்தக் காலத்து ஆட்டமெல்லாம் ஒண்ணாச் சேத்து ஒரே டிஸ்க்குல போட்டுக்கிறான் அண்ணி. அந்தப் படகும் இதுல கீது. வூட்ல போட்டுப் பாத்துட்டேன்."

கூடத்தில் சோபாவில் இருந்த குமரேசன் தம்பியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தினகரன் டிவிக்குப் பின்னால் குனிந்து வயர்களை மாட்டினார்.

திரையில் வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. கல்லைத் துளைத்துக்கொண்டு போகும் புழு, ஏணியில் ஏறும் மனிதன், வானத்திலிருந்து இறங்கும் வண்டுக் கூட்டம். தினகரன் நகர்த்திக்கொண்டே போய் ஓர் ஆற்றின் படத்தில் நிறுத்தினார். பட்டனை அழுத்தினார். காசு விழும் சத்தம் கேட்டது. இதில் காசு கிடையாது, சத்தத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தார்கள். அதைத் தொடர்ந்து கிணுகிணுவென்று ஒரு பாட்டு.

குமரேசன் தலை திரும்பியது.

அவர் இடது கை தானாக நீண்டது. தினகரன் ஜாய்ஸ்டிக்கை அதில் கொடுத்தார். இடது கட்டைவிரல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. படகு நகர்ந்தது. ஆனால் சுடுவதற்கான பட்டன்கள் வலது பக்கம் இருந்தன. குமரேசன் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். அதைத் தூக்க முயன்றார். விரல்கள் மடிந்தபடியே இருந்தன. படகு எதிரே வந்த பாறையில் மோதி எரிந்தது. ஜாய்ஸ்டிக் மடியிலிருந்து நழுவியது.

தினகரன் அதை எடுத்தார். அண்ணனுக்கு வலது பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அதை இருவர் முழங்காலுக்கும் நடுவில் வைத்தார். தன் வலது கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டார்.

"நீ ஓட்டுண்ணா. நான் சுடறேன்."

அன்று மதியம்வரை அப்படியே ஆடினார்கள். ஒருவர் இடது கை, மற்றவர் வலது கை. சுபத்ரா காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறியது, எடுத்துக்கொண்டு போனாள். கிளம்பும்போது தினகரன், "பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறும் வந்தார்.

மூன்றாவது ஞாயிறு அவள் சமையலறையில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் வழக்கமான வெடிச்சத்தம். அதற்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

"சுடு!"

கரகரப்பாக, கோபமாக, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். தினகரன் பட்டனில் வைத்த விரலை எடுக்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் படகு எரிந்துகொண்டிருந்தது. அவர் சுடத் தாமதித்துவிட்டார் போலிருக்கிறது.

"அண்ணி, பேசனாரு," என்றார் தினகரன். "ண்ணா, இன்னொரு தபா சொல்லு."

"சுடு," என்றார் குமரேசன். தன் வாயிலிருந்து வந்ததை அவரே நம்பாதவர் போல இடது கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு சிரித்தார். "சுடு. சுடு."

சுபத்ராவும் சிரித்தாள். கத்தியை வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. அது சந்தோஷம்தான். ஆனால் அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது, அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை மாதம் கழுவித் துடைத்து ஊட்டிவிட்டவள் அவள். நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் கேட்டவள். மூன்று ஞாயிறு வந்து உட்கார்ந்தவருக்கு அந்த முதல் வார்த்தை கிடைத்துவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பீர்க்கங்காயைச் சீவி முடித்தாள்.

அதன்பிறகு குமரேசனுக்கு எல்லாமே சுடு ஆயிற்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுடு, ஃபேனை நிறுத்தவும் சுடு. "ஒரு வார்த்தை பிடிபட்டா கொஞ்ச நாளைக்கு அதுவேதான் வரும். அவர் மனசுல நினைக்கறது வேற, வாயில வர்றது வேற. வேணும்னு சொல்றதில்ல," என்று மஹாலட்சுமி விளக்கினாள். சுபத்ரா கண்ணையும் கையையும் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினாள்.

பெங்களூரில் வேலை செய்யும் மகள் தமிழினி ஒரு சனிக்கிழமை வந்தபோது அந்தக் கேம் பெட்டியைக் குடைந்து பார்த்தாள். "அம்மா, இதுல ஆட்டோ ஃபயர்னு ஒரு செட்டிங் இருக்கு. போட்டுட்டா அதுவே சுட்டுக்கும். அப்பா தனியாவே ஆடலாம்." மாற்றிக் கொடுத்தாள். படகு தானாகவே சுட்டுக்கொண்டு போனது. குமரேசன் சிறிது தூரம் ஓட்டினார். பிறகு ஜாய்ஸ்டிக்கைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டார். தமிழினி அம்மாவைப் பார்த்தாள். "பழையபடியே மாத்தி வெச்சிடு," என்றாள் சுபத்ரா.

ஐப்பசியில் செல்லியம்மாளின் நினைவுநாள் ஒரு ஞாயிறன்று வந்தது. வெளியே மழை. தினகரன் நனைந்துகொண்டே வந்தார், ஒரு முழம் சாமந்தி வாங்கி வந்திருந்தார். அம்மா படத்துக்கு அவரே போட்டார். கொஞ்ச நேரம் படத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. பாதியில் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"ண்ணா," என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே. "ஒரே ஒரு மணி நேரம் எனக்காக நின்னிருக்கக் கூடாதா? வந்துகினு இருக்கேன்னு சொன்னேனே. ஏன்ணா நிக்கல?"

சமையலறை வாசலில் சுபத்ரா அசையாமல் நின்றாள்.

குமரேசன் தம்பி பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வேண்டியிருந்தது என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. வாய் திறந்து மூடியது. மீண்டும் திறந்தது.

"சுடு," என்றார்.

அது இல்லை என்று தலையை ஆட்டினார். "சுடு... சுடு..." இடது கையால் தன் வாயின்மேல் அடித்துக்கொண்டார். மறுபடியும் முயன்றார். மறுபடியும் அதுவே வந்தது.

தினகரன் எழுந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. "சுட்டுட்டண்ணா. அதான் தெரியுமே. அம்மா மூஞ்சியக்கூட காட்டாம சுட்டுட்ட."

"தம்பி, அவரு அத சொல்லல. அவருக்கு எல்லாத்துக்கும் அந்த வார்த்தைதான்..." சுபத்ரா சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். தினகரன் மழையில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். உள்ளே குமரேசன் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார், மெதுவாக, யாரையும் பார்க்காமல்.

அடுத்த ஞாயிறு தினகரன் வரவில்லை. காலையிலேயே குமரேசன் வாசல் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஜாய்ஸ்டிக். தெருவில் ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் தலை நிமிர்ந்தது. மத்தியானம் சாப்பிட மறுத்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாளை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, சுபத்ரா ஷேர் ஆட்டோ மாறிப் பம்மல் போனாள். தினகரனின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. தோல் வாசனை வெளியிலேயே அடித்தது. அவளைப் பார்த்ததும் அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உங்களுக்கு சமாதானம் சொல்ல வரல தம்பி," என்றாள் சுபத்ரா. "அன்னிக்கு ஏன் நிக்கலன்னு எனக்கும் தெரியாது. சொந்தக்காரங்க இருட்டறதுக்குள்ள முடிக்கணும்னு சொன்னாங்க. அவரு சரின்னுட்டாரு. உங்க மேல இருந்த கோவமா, அவங்க பேச்சா, நான் கேக்கல. கேட்டா கத்துவாருன்னு வுட்டுட்டேன்."

தினகரன் கையிலிருந்த தோல் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அத சொல்ல அவருக்கு வாய் இல்ல. வருமான்னும் தெரியாது. அந்தப் பதில் இல்லாமலே வர முடியும்னா வாங்க. முடியலன்னா வராதீங்க. அதுவும் நியாயம்தான். ஆனா வர்றேன்னா வரணும். பாதியில நின்னா அவரால தாங்க முடியல."

"நான் அவர மன்னிக்கணும்னு சொல்றீங்களா அண்ணி?"

"நான் அத சொல்லல. அது உங்களுக்குள்ள."

அவர் டீ சொன்னார். அவள் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வருவதாகவும் அவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் பயிற்சிக்குப் போனபோது மஹாலட்சுமி நல்ல செய்தி போலச் சொன்னாள். "குரல் நல்லா வருது. இனிமே ஒரு பேரைப் பழக்கலாம். ஒண்ணே ஒண்ணு. தினமும் அதையேதான் சொல்லணும், வேற கலக்கக் கூடாது. சின்னதா இருந்தா நல்லது. எந்தப் பேரு வெச்சிக்கலாம்? உங்க பேரா?"

சுபத்ரா கணவரைப் பார்த்தாள். அவர் மேஜைமேல் இருந்த பேனாவை இடது கையால் உருட்டிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொன்னால் போதும். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

"தினா," என்றாள். "அவரோட தம்பி பேரு. தினான்னுதான் கூப்பிடுவாரு."

மஹாலட்சுமி பாட்டுப் போல இழுத்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். முதல் எழுத்துக்கு முழங்காலில் ஒரு தட்டு, இரண்டாவதை நீட்டும்போது இன்னொரு தட்டு. வீட்டில் சுபத்ரா காலையிலும் மாலையிலும் எதிரில் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துத் தட்டினாள். தி. னா. நெஞ்சைத் தொட்டுக் காட்டுவதை விட்டுவிட்டாள். முதலில் சுடு வந்தது. பிறகு வெறும் தீ வந்தது. அவர் சோர்ந்தபோதெல்லாம் அவள் சோராமல் இருந்தாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பத்து மணிக்கு மேல், ஸ்கூட்டர் வந்து நின்றது. தினகரன் இறங்கி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வருவதற்கு மனசில்லாதவர் போல ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். குமரேசன் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். சுபத்ரா அவர் அருகில் போனாள், ஆனால் தட்டிக் காட்டவில்லை. அவர் இடது கை அவர் தொடையிலேயே தட்டியது.

"தினா."

தெருவுக்குக் கேட்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

தினகரன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "சொல்லுண்ணா," என்றார்.

குமரேசனின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "தினா," என்றார் மறுபடியும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. தினகரன் கேட்டைத் திறந்துகொண்டு வந்து அண்ணனின் மடங்கிய வலது கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே நின்றார்கள். சுபத்ரா உள்ளே போய் டிவியைப் போட்டாள்.

அந்தக் கேள்வியைத் தினகரன் பிறகு கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் கிளம்பும்போது, "அண்ணி, எப்பனா அவரு அதப்பத்தி ஏதாவது சொன்னா எனக்குச் சொல்லுங்க. சொல்லலன்னாலும் பரவால்ல," என்றார். அவர் மன்னித்தாரா என்று சுபத்ராவுக்குத் தெரியாது. ஞாயிறு தவறாமல் வந்தார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். டிஸ்க்கில் இருந்த மற்ற ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தார்கள். ஏணி மனிதன் இருவருக்கும் கைவரவேயில்லை.

குமரேசனுக்குப் பேச்சு முழுதாக வரவில்லை. வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சுடு போய்விட்டது. அந்த இடத்தில் தினா வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழினி போன் செய்தால் அவளும் தினா. சிமென்ட் கடைப் பையன்கள் பார்க்க வந்தால் அவர்களும் தினா. மனைவியையும் அப்படித்தான் கூப்பிட்டார். முதல் தடவை அது சுபத்ராவுக்கு வலித்தது. அவளேதான் அதைக் கற்றுக்கொடுத்தாள் என்பதால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. நாள் போகப் போக, எந்தத் தினா தண்ணீருக்கு, எந்தத் தினா தமிழினிக்கு, எந்தத் தினா தனக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைக் கூப்பிடும்போது அவர் குரல் கடைசியில் கொஞ்சம் தாழ்ந்தது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் அடுப்பில் குழம்பு வைத்திருந்தாள். கூடத்திலிருந்து குரல் வந்தது. "தினா."

"இன்னாண்ணா?" என்றார் பக்கத்தில் இருந்த தினகரன். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பினார். "அண்ணி, உங்களத்தான் கூப்புடறாரு."

"தெரியும்," என்றாள் சுபத்ரா. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.